சந்தைக் கூட்டத்தில் மாமா

உசிலம்பட்டி ரோட்டில் இருந்த எங்கள் ஊர் சினிமாக் கொட்டகை முதலில் நாடகக் கொட்டகையாக இருந்ததாம். சினிமா வந்தபோது மேடையை இடிக்க மனசில்லாமல், அதன் முன்னால் வெள்ளைத் திரையைக் கட்டிவிட்டார்கள். திரைக்குப் பின்னால் மேடை இருட்டில் அப்படியே கிடந்தது. பழைய ராஜா நாற்காலிகூட அங்கே இருப்பதாகச் சொல்வார்கள். பெண்கள் பகுதியில் உட்கார்ந்தால் அங்கிருந்து வௌவால் நாற்றம் வரும்.

ஒரு வருஷம் மாட்டுச் சந்தையில் படப்பிடிப்பு நடந்தது. காளை விற்கப் போன என் அத்தை புருஷனும் படத்தில் விழுந்துவிட்டார். அந்தப் படம் எங்கள் கொட்டகைக்கு வந்தபோது மாமா உயிரோடு இல்லை. கிணறு வெட்டும்போது மண் சரிந்துவிட்டது. அவரை யாரும் போட்டோ பிடித்ததில்லை, கல்யாணத்துக்கும் எடுக்கவில்லை. இனி அத்தை அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அந்தப் படம் ஒன்றுதான்.

செத்தவர் நடமாடுவதைப் பார்க்கக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். துக்கம் கழியாத பெண் கொட்டகைக்குப் போகிற வழக்கமும் கிடையாது. அத்தை மில்லுக்குப் போவதாகச் சொல்லி, என்னையும் இழுத்துக்கொண்டு பகலாட்டத்துக்குப் போவாள். விளக்கு அணைந்த பிறகு முக்காட்டோடு நுழைவோம். ஒற்றை மிஷின் கொட்டகை. ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்குப் போடுவார்கள். முதல் விளக்குக்கு முன்பே வெளியே வந்துவிடுவோம்.

"ஏத்தா, மிச்சப் படத்த நான் கதையாச் சொல்லவா?" என்று டிக்கெட் கிழிக்கும் பெண் கேலி செய்வாள். அத்தை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடப்பாள்.

சந்தை வரும். காளைகளுக்கு நடுவே தலைப்பாகையோடு மாமா வருவார். நின்று, திரும்பி, நேராக எங்களைப் பார்ப்பார். இருட்டில் எங்களைத் தேடுவதுபோல இருக்கும். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அத்தை மட்டும் லேசாகத் தலையசைப்பாள், வாரேன் என்று சொல்லிப் போகிறவருக்கு அசைப்பதுபோல.

மறுநாள் படம் மாற்றுவதாக இருந்தது. அந்தக் கடைசி நாளில் மாமா திரும்பப் போகிற நேரம் பிலிம் அறுந்தது. விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

முன்னால் இருந்த எங்கள் தெருப் பெண்கள் திரும்பினார்கள்.

"இது யாருடி? வருசங்கூடத் திரும்பல, அதுக்குள்ள படங் கேக்குதாக்கும்."

"போயிரலாம் அத்தை" என்று சேலையை இழுத்தேன்.

அத்தை முக்காட்டை எடுத்துவிட்டாள். "இரு. ஒட்டிட்டுப் போடுவாக."

ஒட்டித்தான் போட்டார்கள். கெட்டுப்போன துண்டை வெட்டி எறிந்துவிட்டு ஒட்டுவது ஆபரேட்டர்களின் வழக்கம். மறுபடி இருட்டானது. காளைகள் நடந்தன, கூட்டம் நகர்ந்தது. மாமா மட்டும் இல்லை. அவர் நிற்கிற இடத்தில் புழுதி பறந்துகொண்டிருந்தது.

செய்தி எங்களுக்கு முன்னால் வீட்டுக்குப் போயிருந்தது. அப்பா வாய் திறப்பதற்குள் அத்தை தரையில் உட்கார்ந்து குரலெடுத்து அழுதாள். மாமாவைத் தூக்கிய அன்றுகூட ஒரு சொட்டு விடாதவள். கொட்டகைப் பேய் பிடித்துவிட்டது என்று அம்மா திருநீறு அள்ளிப் பூசினாள். நானும் அதையே நம்பினேன். படத்தை விட்டுப் போன மாமா யாருக்குள்ளாவது வந்துதானே ஆக வேண்டும்.

அழுகைக்கு நடுவே அத்தை கையை நீட்டி என்னைக் கூப்பிட்டாள். கூப்பிடுவது மாமாதான் என்று நினைத்து, அம்மா முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.