நான்கு அகலச் சக்கரங்களும் ஒரு மைத்துனரும்

ஊரில் யாருடைய காருக்கு அகலச் சக்கரம் பொருந்தும், யாருடையதற்குப் பொருந்தாது என்று தீர்ப்புச் சொல்கிற சக்கரக் கடைக்காரர் 'மில்லிமீட்டர்', தன் சொந்தக் காரைத் துணி மூடி போட்டு நிறுத்திவிட்டு பஸ்ஸில் போய்வருகிறார் என்று ஒரு பேச்சு கிளம்பியது. எங்கள் தெருவில் எந்தப் பேச்சும் தனியாக வராது. காரணங்களையும் கூட்டிக்கொண்டுதான் வரும். வங்கிக்காரன் காரைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்று பயந்து மூடி வைத்திருக்கிறார் என்றார் சலூன்காரர். அவருக்குப் பார்வை மங்கிவிட்டது என்றார் இஸ்திரிக்காரர். மூடிக்குள் கார் இருக்கிறதா என்று யார் பார்த்தது என்றார் மருந்துக் கடைக்காரர். மூன்றும் சேர்ந்தே உண்மையாக இருக்கலாம் என்று ஒரு கட்சியும் இருந்தது. இருப்பதிலேயே ஆள் பலம் அதிகமுள்ள கட்சி அதுதான்.

சரி, நேரிலேயே கேட்டுவிடுவோம் என்று அவருடைய கடைக்குப் போனேன்.

சாலை வளைவில் இருக்கிற கடை. சுவர் முழுக்கச் சக்கரங்கள், தரை முழுக்க நட்டுகள், நடுவில் ஜாக்கியில் தூக்கி வைத்த ஒரு கார். மில்லிமீட்டர் அதன் பின்சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவுக்குள் தலையை விட்டிருந்தார். ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு இரும்பு ஸ்கேல். இந்தப் பெயரைச் சூட்டியவர் சலூன்காரர். எவ்வளவு முடி எடுக்கட்டும் என்று கேட்டதற்கு "ஒன்பது மில்லிமீட்டர்" என்று பதில் வந்ததாம். வெட்டி முடித்ததும் ஸ்கேலை எடுத்து அளந்தும் பார்த்தாராம். சலூன்காரருக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. வங்கிக்காரன் கதையை அந்தக் கணக்கில்தான் வரவு வைக்க வேண்டும்.

காரின் சொந்தக்காரனான இளைஞன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.

"அண்ணே, இப்ப இருக்கிறது ஆறு இன்ச். எட்டு இன்ச் போட்டா கெத்தா இருக்கும்ணே."

"யாரு பாத்தா?"

இளைஞன் தெருவில் போகிறவர்களைக் கைகாட்டினான்.

"அகலம் ரெண்டு இன்ச் கூடினா வெளிப்பக்கம் மட்டும் கூடாது தம்பி. உள்பக்கமும் கூடும். எல்லாரும் வெளியவே பாக்குறாங்க. தொப்பை முன்னால வளரும், சட்டை முதுகுல கிழியும், அந்த மாதிரி. உள்ள ஷாக் அப்சார்பர் நிக்குது. கொஞ்சம் தள்ளி உக்காருங்கன்னா அது உக்காராது."

"என் ஃப்ரெண்டு இதே வண்டியில இதே வீலுதான்ணே போட்டிருக்கான். ஒண்ணும் ஆகலையே?"

"அவர் வண்டியில எத்தனை பேரு போவாங்க?"

"அவன் மட்டும்தான்."

"உங்க வண்டியில?"

"அப்பா, அம்மா, அக்கா, மாமா..."

"அப்ப அது வேற வண்டி தம்பி."

அவருடைய முறை இதுதான். முதலில் ஸ்கேல் வைத்து அளப்பார். பிறகு ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை ஒடித்துப் பார்ப்பார். அதோடு விடமாட்டார். குழந்தைகள் பொம்மை செய்கிற பச்சைக் களிமண்ணை உருண்டை பிடித்துச் சக்கர வளைவின் உள்விளிம்பில் ஒட்டுவார். காரில் ஆட்களை நிரப்பி மேடு பள்ளத்தில் ஓட்டச் சொல்வார். திரும்பி வரும்போது உருண்டை நசுங்கியிருந்தால் இடம் போதவில்லை என்று அர்த்தம். மணல் மூட்டையை ஏற்றிச் சோதிக்கலாமே என்றால் ஒத்துக்கொள்ள மாட்டார். "மூட்டை வச்ச இடத்துல இருக்கும். மனுஷன் அப்படியா இருக்கான்?"

இளைஞன் போனதும் பஸ் விஷயத்தைக் கேட்டேன்.

"புது டயரு. தேய்ஞ்சிடுமேன்னுதான்" என்றார். ஸ்கேலை எடுத்துத் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார். பிறகு, "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்களேன். நீங்க எத்தனை கிலோ இருப்பீங்க?" என்றார்.

கேள்வி கேட்கப் போனவனை எடைக்கல்லாக்கி அனுப்பிவிட்டார்.

கதை இதுதான். அவர் மனைவியின் தம்பி வேலை தேடிய காலத்தில் இவர்கள் வீட்டில்தான் இரண்டு வருடம் இருந்தான். போன மாதம் காரை இரண்டு நாள் இரவல் வாங்கிப் போனவன், நான்கு அகலச் சக்கரங்களை மாட்டிக்கொண்டு வந்து நிறுத்தினான். "என்னோட பரிசு மாமா." மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் தம்பி இந்த வீட்டுக்கு ஒரு பொருள் வாங்கிக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. மில்லிமீட்டர் சக்கரத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், "நல்லா இருக்கு" என்றார். மறுநாள் மூடி வாங்கிப் போட்டார்.

பொருந்தாது என்று சொன்னால், தன் வீட்டு மனுஷன் என்றாலே இவருக்கு ஆகாது என்பாள் மனைவி. பொருந்தும் என்று அளக்காமல் சொல்ல அவருக்கு வாய் வராது. அளந்துவிட்டால் ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதனால் அளக்கவே இல்லை. இப்போது மைத்துனன் மேட்டுப் பகுதியில் வீடு பிடித்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் அந்தக் காரிலேயே கூட்டிப்போக வருகிறான்.

ஞாயிற்றுக்கிழமை காலை மூடி கழன்றது. உள்ளே கார் இருந்தது. மருந்துக் கடைக்காரர் கட்சி அந்த இடத்தில் தோற்றது.

மில்லிமீட்டர் இடது பின்சக்கரத்தருகே குனிந்து, டயரின் ஓரத்துக்கும் வளைவின் விளிம்புக்கும் நடுவே இருந்த இடைவெளியை அளந்தார். ஆறு மில்லிமீட்டர் என்றார். மறுபடி அளந்தார். நாலு என்றார். மூன்றாம் முறை ஏழு.

"என்னங்க இது, அளக்க அளக்க வளருது?" என்றாள் மனைவி.

"எனக்கே புரியல" என்று என் காதருகே வந்து சொன்னார். "கடையில இப்படி ஆனதே இல்ல. ஏழுன்னு வந்தா மச்சானுக்காக இழுத்துட்டேனோன்னு தோணுது. நாலுன்னு வந்தா அவன் மேல இருக்கிற கடுப்புல அமுக்கிட்டேனோன்னு தோணுது. எந்தக் கை அளக்குதுன்னே தெரியல."

"மாமா, கண்ணாலயே பாருங்க, டயருக்கு மேல எவ்வளவு இடம் இருக்கு! என் கையே போகுது" என்றான் மைத்துனன்.

"உன் கை டயரு இல்லடா" என்றாள் அவன் அக்கா.

களிமண் ஒட்ட மில்லிமீட்டரின் விரல் அந்த இடுக்கில் போகவில்லை. மனைவி வாங்கிக்கொண்டாள். அவள் பைண்டிங் கடையில் புத்தக முதுகு ஒட்டுகிறவள். நான்கு சக்கரத்துக்கும் நான்கு உருண்டை, அழுத்தி, ஓரம் தேய்த்து, இழுத்துப் பார்த்து ஒட்டினாள்.

மில்லிமீட்டர் ஓட்ட, மைத்துனன் முன்னால் உட்கார்ந்தான். பின்னால் மனைவி, நடுவில் நான், எனக்கு இடப்பக்கம் கீழ்வீட்டுக் கணக்கு வாத்தியார். வாத்தியார் எடைக்காகவே அழைக்கப்பட்டவர். அது அவருக்கும் தெரியும். பெருமையாகத்தான் வந்தார்.

முதல் வேகத்தடையில் சத்தமில்லை. இரண்டாவதிலும் இல்லை. "பாத்தீங்களா மாமா!" என்று மைத்துனன் திரும்பினான். மேட்டுச் சாலையின் பெரிய திருப்பத்தில் ஒரு பள்ளம் வந்தது. வண்டி இறங்கி ஏறியதில் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம்.

எல்லோருக்கும் கேட்டது. எங்கிருந்து வந்தது என்பதில்தான் தகராறு.

"கல்லு தெறிச்சிருக்கும்" என்றான் மைத்துனன்.

"டிக்கியில ஸ்பானர் உருண்டிருக்கும்" என்றாள் அக்கா.

எனக்கு வலப்பக்கம் கேட்டது. வாத்தியார் சத்தம் தன்னிடமிருந்து வரவில்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொன்னார்.

ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தோம். மூன்று உருண்டைகள் ஒட்டியபடியே இருந்தன. இடது பின்சக்கரத்தில் உருண்டையே இல்லை. நசுங்கியிருந்தால் உரசுகிறது, நசுங்காவிட்டால் உரசவில்லை. காணாமலே போனால் என்ன அர்த்தம்? மில்லிமீட்டர் குந்தி உட்கார்ந்து அந்த இடத்தையே பார்த்தார். இத்தனை வருடத் தொழிலில் அவருடைய களிமண் தீர்ப்புச் சொல்லாமல் ஓடிப்போனது இதுதான் முதல் தடவை.

"அவ்வளவுதான் மாமா. சரியா ஒட்டல, விழுந்துடுச்சு. வீலு மேல எந்தத் தப்பும் இல்ல" என்றான் மைத்துனன்.

அங்கேதான் அவன் சறுக்கினான்.

"என்னடா சொன்னே?" என்றாள் அக்கா. "நான் ஒட்டினது விழுந்துடுச்சா?"

"இல்லக்கா, தற்செயலா..."

"நான் ஒட்டின அகராதி இருபது வருஷமா நூலகத்துல கிடக்குது. அட்டை கிழிஞ்சிருக்கு, ஒட்டினது பிரியல. தள்ளுடா."

புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு டயருக்கு மேலாகக் கையை விட்டாள். டயரின் ஓரத்தைத் தடவி விரலை வெளியே எடுத்தாள். விரலெல்லாம் பச்சை. டயர்தான் உருண்டையை வழித்துக்கொண்டு போயிருக்கிறது.

"உரசுதுடா" என்றாள்.

ஒரு மாதமாக மில்லிமீட்டர் எதைச் சொல்லப் பயந்தாரோ, அதை அவளே சொல்லிவிட்டாள். அவர் நிம்மதியாகப் பெருமூச்சு விடுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ மைத்துனனுக்கு வக்கீலாகிவிட்டார்.

"லேசாத்தான் உரசுது. விளிம்பை உள்பக்கமா மடக்கிவிட்டா போதும். வாத்தியாரை வலப்பக்கம் உக்கார வச்சா..."

"ஏங்க, கடைக்கு வர்றவங்ககிட்ட இப்படித்தான் சொல்வீங்களா?"

அவர் பச்சை விரலைப் பார்த்தார். மைத்துனனைப் பார்த்தார். "சொல்ல மாட்டேன்" என்றார் கடைசியில்.

"அப்ப?"

"கழட்டணும்."

மைத்துனன் முகம் விழுந்துவிட்டது. பாவம், ஆசையாகத்தான் வாங்கியிருக்கிறான். அக்கா அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். "நீ வாங்கிக் கொடுத்தே பாரு, அது போதும்டா. அதுக்காக உயிரோட விளையாட முடியுமா? பழசை எடுத்துட்டு வந்து மாட்டு."

"பழசா?" என்றான்.

பழைய சக்கரங்களைப் புதிது வாங்கிய கடையிலேயே தள்ளிவிட்டிருந்தான். ஒரு சக்கரத்தின் விலை அதில்தான் கழிந்ததாம். அக்கா குட்டிய இடத்திலேயே இன்னொரு குட்டு விழுந்தது, இது கொஞ்சம் பலமாக. மில்லிமீட்டர் தனியாகக் காரை மெதுவாக ஓட்டிப் போய் வீட்டில் விட்டுவிட்டு வர, அன்று எல்லோரும் ஆட்டோ பிடித்துப் புது வீட்டுக்குப் போனோம். வாத்தியாருக்குத் தனி ஆட்டோ.

அடுத்த வாரமே மைத்துனன் மூன்று பழைய சக்கரங்களை மீட்டுக்கொண்டு வந்துவிட்டான். நான்காவதை அந்தக் கடைக்காரர் யாருக்கோ விற்றிருந்தார். புதிய நான்கையும் அவனே எடுத்துப் போய்விட்டான், தான் வாங்கப்போகிற காருக்காம். அது என்ன கார் என்று இன்னும் முடிவாகவில்லை. போன வாரம் எங்கிருந்தோ ஒரு சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தான். மில்லிமீட்டர் ஒரே தடவைதான் அளந்தார்.

"மச்சான், இது அரை இன்ச் அகலம் கூட."

"கிட்டத்தட்ட அதேதான் மாமா."

"கிட்டத்தட்டன்னு ஸ்கேல்ல கோடு இல்ல மச்சான்."

அக்கா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "ஒண்ணு பாக்கிடா" என்றாள்.

"தந்துடறேன்க்கா, இந்த வாரம்" என்று சொல்லிவிட்டு, கொண்டுவந்ததை உருட்டிக்கொண்டே தெருமுனை திரும்பினான். கார் மூன்று சக்கரத்திலும் ஒரு மரக்கட்டையிலுமாக நிற்கிறது.