எலுமிச்சைப்புல் எண்ணெயும் எங்கள் வாசல் டிரம்மும்

எங்கள் மேனேஜரை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனி, கூரையெல்லாம் கரி. அந்த லட்சணத்தில் மனுஷருக்கு இயற்கைமேல் திடீர்க் காதல். கொசுப்புழுவுக்குப் பஞ்சாயத்தில் ஊற்றும் மருந்து கெமிக்கலாம், எலுமிச்சைப்புல் எண்ணெய் போதுமாம். தண்ணீர்த் தொட்டி முன்னால் எங்களை வரிசையாக நிறுத்தி, சின்ன பாட்டில் ஒன்றைக் கவிழ்த்தார். போட்டோ எடுத்தார்கள். குனிந்து புழு செத்ததா என்று பார்த்தாரா? மூக்கை நீட்டி மோந்து பார்த்தார்!

"செம ஸ்மெல்லுப்பா! இனிமே ஒரு புழு இருக்காது."

கைதட்டினோம், வெட்கங்கெட்ட கூட்டம். ஆளுக்கொரு பாட்டில் வேறு கொடுத்தார்.

என் மனைவிக்கு அப்போது ஐந்து மாதம். எங்கள் லைன் வீட்டில் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் வரும். வாசலில் நீல டிரம்மில் பிடித்து, அதன் வாயில் பழைய லுங்கியை இறுக்கிக் கட்டிவைப்பாள். நான் பத்துச் சொட்டு விட்டு, லுங்கியை அவிழ்த்துப் போட்டேன்.

"எண்ணெ ஊத்தியாச்சு, இனிமே துணி எதுக்கு?"

"இன்னாமோ போ" என்றாள். இவளுக்கு என்ன தெரியும் என்று எனக்கு இளக்காரம். டிப்ளமோ படித்த துரையாயிற்றே நான்!

மூன்று வாரத்தில் அவளுக்கு டெங்கு. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். காய்ச்சல் வந்த வீடு என்று, பஞ்சாயத்திலிருந்து கொசுப்புழு பார்க்க வரும் அம்மா அதற்குள் வந்திருந்தார். டிரம்முக்குள் டார்ச் அடித்தார்.

"வாசனை ஜோரா கீதுண்ணே. புழுவும் ஜோரா கீது."

எட்டிப் பார்த்தேன். நெளிந்துகொண்டிருந்தன.

"அந்த எண்ணெக்கு வேகம் இல்லன்னு சொல்லல. தண்ணியில கலக்கறாப்ல பண்ணி, அளவு பாத்து ஊத்தணும். சும்மா சொட்டு வுட்டா ஆவியாப் பூடும். ஆமா, ஊட்ல துணி கட்டி வெச்சிருப்பாங்களே, அது எங்க?"

அது என் பைக் சீட்டில் கிடந்தது. வண்டி துடைக்க எடுத்து வைத்திருந்தேன். மேனேஜரை மட்டும் முட்டாள் என்று எப்படிச் சொல்வது? தூ!

எட்டாம் நாள் மனைவி வீட்டுக்கு வந்தாள். நல்லவேளை, வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. புது லுங்கியைக் கிழித்து டிரம்மைக் கட்டப் போனேன். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, என் கையிலிருந்து துணியை வாங்கிக்கொண்டாள்.

"நீ தொடாத" என்றாள்.