பதினேழாம் கம்பம்

கடற்கரைச் சாலையில் விளக்கு மாற்றும் லைன்மேனுக்கு ஊர் வைத்த பெயர் அரையிருட்டு. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருக்கிறது. இருபத்திரண்டு வருடம் கம்பம் ஏறி இறங்கியதற்கு இதுதான் மிச்சம் என்று அவரே அடிக்கடி அலுத்துக்கொள்வார்.

பெயருக்குக் காரணம் ஆமை. முட்டையை விட்டு வெளியே வரும் ஆமைக்குஞ்சு எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் போகும். இருட்டான கரையில் கடல்தான் வெளிச்சம். கரையோரம் வெள்ளை விளக்கு எரிந்தால், கடலுக்கு முதுகைக் காட்டிவிட்டுச் சாலைக்கு வந்துவிடும். மூன்று வருடம் மேஜை மேஜையாக அலைந்து, நாற்பது கம்பங்களுக்கும் செம்மஞ்சள் பல்பும், கடல் பக்கத்தை மறைக்கும் தகர மூடியும் வாங்கினார். ஒவ்வொன்றையும் மாட்டியபின் மணலில் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்து, குஞ்சின் கண் மட்டத்திலிருந்து பார்ப்பார். ஒரு பொட்டு வெளிச்சம் தெரிந்தாலும் மறுபடி ஏணி ஏறி மூடியைத் திருப்புவார்.

"என்ன அரையிருட்டு, கடலுக்குக் கும்பிடு போடுறீங்களா?" என்று போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் கேட்டார்கள். சிரித்துத் தொலையட்டும் என்று விட்டுவிட்டார்.

அன்று விடியற்காலையில் சிரிக்க எதுவும் இல்லை. பதினேழாம் கம்பத்துக்கு எதிரே இருந்த முட்டைக்குழி பொரிந்திருந்தது. மணல் முழுக்கச் சின்னச் சின்னத் தடங்கள். ஒன்றுகூடக் கடல் பக்கம் போகவில்லை. சாக்கடை ஓரத்தில் அறுபத்து மூன்று குஞ்சுகளைப் பொறுக்கினார். பதினொன்றுக்குத்தான் உயிர் இருந்தது. அவற்றை வாளியில் எடுத்துப்போய் அலையோரம் விட்டுவிட்டுத் திரும்பினால், கம்பத்தில் பளீரென்று வெள்ளை பல்பு. தகர மூடியைக் காணோம்.

பத்தடி தள்ளி இன்னொரு குழி இருந்தது. இரண்டொரு நாளில் அதுவும் பொரியும். கால்சட்டையில் ஒட்டிய மணலைக்கூடத் தட்டாமல் மின்பிரிவு அலுவலகத்துக்குப் போனார்.

அங்கே இரவு வேலை முடிந்து சட்டை மாற்றிக்கொண்டிருந்தவன் வேறு யாருமல்ல, அவர் மனைவியின் தம்பி.

"பதினேழுல கை வெச்சது யாரு?"

"நான்தான் மாமா. இருட்டா இருக்குன்னு புகார் வந்துச்சு. இருபத்துநாலு மணி நேரத்துல முடிக்கலைன்னா என் தலையைத்தான் உருட்டுவாங்க. ஸ்டோர்ல வெள்ளைதான் இருந்துச்சு."

"மூடி எங்க?"

"அது வெள்ளை ஃபிட்டிங்குக்குச் சேரல. கழட்டி உள்ள போட்டுட்டேன். புகார் முடிஞ்சுதுன்னு எழுதியாச்சு."

புகார் முடிந்தது. அந்த நகராட்சியில் பூகம்பமே வந்தாலும் இருபத்துநாலு மணி நேரத்தில் முடிந்துவிடும், காகிதத்தில். வேலியே பயிரை மேய்கிறது, அதுவும் சொந்த வேலி!

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

மைத்துனன் பொத்தானைப் போட்டான், கழற்றினான், மறுபடி போட்டான். "கேக்கலாம்னுதான் இருந்தேன். புகார் குடுத்தவங்க கேக்க வேணாம்னுட்டாங்க."

"யாருடா அந்த மகராசன்?"

அவன் புகார்ச் சீட்டைத் திருப்பிக் காட்டினான். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. அதிலிருந்தது அவர் மனைவியின் கைப்பேசி எண்.

வீட்டில் அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மருத்துவமனையின் சலவைப் பிரிவில் அவளுக்கு வேலை. அன்று வார விடுமுறை.

"கட்டின புருஷன் மேலயே புகார் குடுத்தியா நீ?"

"புருஷன் மேல குடுக்கல. கம்பத்து மேல குடுத்தேன்."

"அம்பத்திரண்டு உசுரு போச்சு. தெரியுமா உனக்கு?"

அவள் கை நின்றது. முகம் சுண்டிப்போயிற்று. ஆனால் குரல் இறங்கவில்லை.

"இப்படி ஆகும்னு நான் நினைக்கல. ஆனா உங்ககிட்ட மூணு தடவை சொன்னேன். எட்டு மணிக்கு வேலை முடிஞ்சு வர்றப்ப அந்த எடத்துல மட்டும் கால் வெக்கிற தரை தெரியலன்னு. என்ன சொன்னீங்க?"

என்ன சொன்னார் என்பது அவருக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. முதல் தடவை, கண் பழகிவிடும். இரண்டாம் தடவை, டார்ச் எடுத்துப் போ. மூன்றாம் தடவை அவள் சாக்கடை மூடிக்கல்லின் இடுக்கில் காலை விட்டு, கணுக்கால் வீங்கி வந்தபோது, தைலம் தேய்த்துக்கொண்டே, உடைந்த கல் சாலைப் பிரிவின் பொறுப்பு என்று விளக்கம் சொன்னார்.

"ஆமை கண்ணுக்கு எப்படித் தெரியுதுன்னு குப்புறப் படுத்துப் பாத்தீங்க. என் கண்ணுக்கு எப்படித் தெரியுதுன்னு ஒரு நாளாவது நின்னு பாத்தீங்களா?"

எல்லார் மேலும் இருந்த கோபம் மொத்தமும் அவர் பக்கமே திரும்பியது. அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தார்.

பொழுது சாயும்போது மூன்று பேரும் பதினேழாம் கம்பத்துக்குப் போனார்கள். மைத்துனன் ஏணியைப் பிடித்துக்கொள்ள, அவர் வெள்ளையைக் கழற்றிவிட்டுச் செம்மஞ்சள் பல்பையும் மூடியையும் பழையபடி மாட்டினார். இருட்டியதும் சாலைக்குப் போய், அவள் வரும் வழியில் நடந்தார். ஏழாவது அடி வைத்ததும் கால் மூடிக்கல் இடுக்கில் இறங்கியது. வாய்க்கு வந்த கெட்ட வார்த்தையை மென்று விழுங்கினார். இரண்டு குழிக்கும் மறைக்க வேண்டும் என்று மூடியைத் திருப்பித் திருப்பி, சாலையையும் சேர்த்து மறைத்து வைத்திருந்தது அவரேதான்.

மறுபடி ஏறினார். ஃபிட்டிங்கைக் கம்பத்தில் ஐந்தடி கீழே இறக்கி, அதன் முகத்தைத் தரையைப் பார்க்கக் கவிழ்த்து, மூடியைப் பாதி திருப்பினார். இறங்கி மணலுக்கு ஓடப் பார்த்தவரை அவள் தடுத்தாள். தானே போய்க் குப்புறப் படுத்து, கன்னத்தை மணலில் வைத்தாள்.

"இங்க ஒரு பொட்டு வெளிச்சமும் தெரியலங்க!"

அவர் சாலையில், அவள் கால் பிசகிய இடத்தில் நின்றார். "இங்க தரை தெரியுது" என்றார்.

மறுநாள் விட்டு மறுநாள் விடியலில், இரண்டாம் குழியிலிருந்து கிளம்பிய தடங்கள் எல்லாம் கடல் வரைக்கும் போயிருந்தன. அவர் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டு, அங்கேயே நின்று சாலைப் பிரிவுக்கு ஒரு புகார் கொடுத்தார்: மூடிக்கல் உடைந்திருக்கிறது. இருபத்துநாலு மணி நேரத்தில் பதில் வந்தது. தங்கள் புகார் முடிக்கப்பட்டது.

கல் அப்படியேதான் கிடக்கிறது. செம்மஞ்சள் வெளிச்சத்தில் அந்த இடுக்கு நன்றாகத் தெரிகிறது.