உலு ஹாத்தி

என் இருதயத்தின் நடுக்காட்டுக்குள் ஒரு நோய் குடியேறிவிட்டது, அதை எடுக்க எந்த டாக்டராலும் முடியாது என்று நான் ஒரு வாரம் முழுசாக நம்பினேன். சாகப்போகிறவன் முகம் எப்படி இருக்க வேண்டுமென்று கண்ணாடி பார்த்துப் பழகவும் செய்தேன்.

எழுபதுகளின் கடைசி அது. எனக்குத் தேயிலை ஃபேக்டரியில் தூள் காயவைக்கும் அடுப்புப் பக்கம் வேலை. என் மனைவி மலையில் கொழுந்து எடுப்பவள். சாயங்காலம் நான் வேர்த்துக் கொட்டி வருவேன், அவள் குளிரில் விறைத்து வருவாள். லயத்து வீட்டில் பிள்ளைகுட்டி கிடையாது. ஆனாலும் ராத்திரிச் சாப்பாட்டில் பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவரைத் தட்டும் அளவுக்குச் சத்தம் இருக்கும். அவள் அம்மியில் மிளகாய் அரைத்து வதக்கும் நெத்திலிச் சம்பலின் கடைசி வாய் யாருக்கு என்ற சண்டை. ஒரே தட்டு, இரண்டு கை. எங்கள் குடும்ப வாழ்க்கை என்று ஒன்று இருந்ததென்றால் அது அந்தத் தட்டில்தான் இருந்தது.

ஒருநாள் சண்டையில் ஜெயித்து, வழித்துத் தின்றுவிட்டுப் படுத்தேன். நெஞ்சுக்குள் அடுப்பைத் திறந்துவிட்டதுபோல் எரிந்தது. தொண்டை வரை புளிப்பு ஏறியது.

“நெஞ்சு போச்சுடி” என்றேன்.

“சட்டியில சம்பல்தான் போச்சு. தள்ளிப் படுங்க.”

எஸ்டேட் மருந்தகத்து டிரெஸர் வயிற்றைத் தட்டிப் பார்த்து, சுண்ணாம்பைக் கரைத்ததுபோல் ஒரு வெள்ளை மருந்தைக் கொடுத்தார். நெஞ்சு வலிக்கு வெள்ளையடிக்கிற வைத்தியனை எவன் நம்புவான்? மறுநாள் தேயிலை லோரியில் தொற்றிக்கொண்டு தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கிருந்த மலாய்க்கார டாக்டர் என் மார்புக்கூட்டுக்குக் கீழே விரலால் அழுத்தி, “சினி சாக்கிட்? உலு ஹாத்தி?” என்றார். இங்கேயா வலி என்று கேட்கிறார், அது புரிந்தது. பிற்பாதிதான் என்னைக் கொன்றது. ஹாத்தி என்றால் நெஞ்சு. மனசு புண்பட்டால் மலாயில் ‘சாக்கிட் ஹாத்தி’ என்று நாமே சொல்கிறோமே. உலு என்றால்? ஆற்றுக்கு மேலே, ரோடு முடிந்து, அட்டை கடிக்கிற காடு. அவர் அதற்கப்புறம் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை. கொடுத்த மருந்தை வாங்கிக்கொண்டு வந்தேன். அதுவும் அதே வெள்ளை மருந்து.

“நோய் நெஞ்சோட உலுவுல இருக்காம்” என்றேன் மனைவியிடம். “ரோடே இல்லாத இடம். மருந்து எப்படிப் போய்ச் சேரும்?”

“சம்பல் மட்டும் எந்த லோரியில போச்சாம்?”

அவளுக்கு விளையாட்டு. நான் சாவுக்கு ஏற்பாடு செய்தேன். அவள் தம்பியைக் கூப்பிட்டு, என் மோட்டார் சைக்கிளைக் காட்டி, “நான் போயிட்டா நீயே ஓட்டிக்க மச்சான்” என்று சொன்னேன். தப்பு. மறுநாளிலிருந்து தினமும் வந்துவிட்டான். சீட்டைத் துணியால் துடைத்துக்கொண்டே, “மச்சான், இன்னிக்கு எரிச்சல் எப்படி? கூடியிருக்கா?” என்பான். குறைந்திருக்கிறது என்றால் முகம் வாடிவிடும்.

கடைசியில் டிரெஸரிடமே போய், எனக்கு இன்னும் எத்தனை நாள் என்று கேட்டேன். விஷயத்தைச் சொன்னதும் மனுஷர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார்.

“யோவ், உலு ஹாத்தின்னா மேல்வயிறு லா! நெஞ்சுக்குழி! வயித்துப் புளிப்பு மேல ஏறுது, அவ்வளவுதான்.”

“அப்ப சாக மாட்டேனா?”

“மாட்டே. ஆனா காரம், புளி, எண்ணெய் விட்டுடு. கோப்பி, தேத்தண்ணி விட்டுடு. கொஞ்சங்கொஞ்சமா சாப்பிடு. சாப்பிட்டதும் படுக்காதே.”

“எத்தனை நாளைக்கு?”

அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். அலமாரியிலிருந்து இன்னும் மூன்று பாட்டில் வெள்ளை மருந்தை எடுத்து என் முன்னால் வைத்தார்.

தேயிலைத் தோட்டத்தில் தேத்தண்ணி குடிக்காதவனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். சட்டையெல்லாம் தேயிலைத் தூள், வாயில் வெந்நீர். அடிக்கடி பையிலிருந்து ரொட்டித்துண்டை எடுத்துக் கடிப்பதையும் ஏப்பம் விடுவதையும் பார்த்த கங்காணி, “என்னப்பா, எத்தனை மாசம்?” என்றார். ஃபேக்டரியில் எனக்குப் பிள்ளைத்தாச்சி என்று பேர் நின்றுவிட்டது. நானும் சளைக்காமல், “இரட்டை போலிருக்கு, ஐயா” என்பேன். சிரிப்பார்கள். சிரித்துவிட்டு அவர்கள் தேத்தண்ணி குடிப்பார்கள்.

கட்டிலின் தலைமாட்டில் பழைய தேயிலைப் பெட்டிப் பலகைகளை அடுக்கி உயர்த்தினேன். காலையில் பார்த்தால் மனைவி கால்மாட்டில் சுருண்டு கிடப்பாள். “பகலெல்லாம் சரிவுல நிக்கிறேன், ராத்திரியுமா?” என்று பாயை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள்.

முதலில் வீட்டில் இரண்டு சட்டி வைத்தாள். எனக்குக் கஞ்சி, அவளுக்குச் சம்பல். அவள் சாப்பிடும்போது நான் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் தாங்காமல் ஒரு வாய் பிடுங்கித் தின்றேன். அவள் சிரித்தாள். பழையபடி என் கையைத் தட்டிவிட்டாள். பிறகு நான் தொண்டையைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்ததையும் பார்த்தாள். அதோடு இரண்டாவது சட்டி நின்றது. தீபாவளிக்குக்கூட வைக்கவில்லை.

வெள்ளை மருந்தை மாற்றி வேறு மருந்து, அதை மாற்றி மாத்திரை என்று எண்பதுகளும் முக்கால்வாசி போனது. மச்சான் சொந்தமாக மோட்டார் வாங்கிவிட்டான். என் எரிச்சலைப் பற்றிக் கேட்பதையும் விட்டுவிட்டான். மனைவி வேலை முடிந்து வரும்போது மட்டும் அவள் கையில் வதக்கிய மிளகாய் வாசம் அடிக்கும். காரணத்தை அவளோடு கொழுந்து எடுக்கும் பெண் ஒருத்திதான் ஒருநாள் சொன்னாள்.

என் இருதயத்துக்கு எந்தக் கோளாறும் இல்லை. எரிச்சல் போகவில்லை. அவள் சம்பலை விடியற்காலையில் எனக்கு முன்னால் எழுந்து வதக்கி, மலைக்குக் கொண்டுபோய், மற்ற பெண்களோடு சாப்பிட்டாள். ராத்திரியில் எனக்கு எதிரே உட்கார்ந்து கஞ்சி குடித்தாள்.