யோ என்றால் இல்லை

என் தோழி பிறந்த அல்பேனிய மலைக்கிராமத்தில் தலையை மேலும் கீழும் ஆட்டினால் ‘இல்லை’ என்று அர்த்தம். இரண்டு பக்கமும் ஆட்டினால் ‘ஓம்’. இது தெரியாத ஒருத்தி அவளைக் கள்ளியாக்கினாள். இத்தனை வருடம் கழிந்தும் எனக்கு அந்த ஆத்திரம் அடங்கவில்லை.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. ஒஸ்லோவில் ஒரு முதியோர் இல்லத்தில் நாங்கள் இருவரும் துப்புரவு வேலை செய்தோம். நான் நோர்வேயின் வடகோடியிலுள்ள பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்டி, அந்தக் குளிர் போதுமடா சாமி என்று தெற்கே ஓடி வந்தவள். எங்கள் இரண்டு பேரின் நோர்வேஜிய மொழியும் நொண்டிதான். ஆனாலும் கோப்பி இடைவேளையில் வாய் ஓயாது. முதல் கிழமை, “கோப்பி வேணுமா?” என்று கேட்டேன். தலையை மேலும் கீழும் ஆட்டினாள். ஊற்றிக் கொடுத்தேன். குடிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் விளங்கியது. தமிழர் நாங்கள் தலையைச் சரிப்பதைப் பார்த்தே நோர்வேக்காரர் ஓமா இல்லையா என்று முழிப்பார்கள். நான் அவளைப் பகிடி பண்ண முடியுமா?

அவளுடைய ஊரில் இருபது வீடுகள். கல் வீடுகள், கல் நிலம், நிறைய ஆடுகள். கம்யூனிச அரசாங்கம் முதலில் நிலத்தைக் கூட்டுப்பண்ணைக்கு எடுத்தது. பிறகு ஆடுகளை எடுத்தது. கடைசியில், பிள்ளைகளின் பாலுக்கென்று வீட்டுக்கு ஒன்றாக விட்டிருந்த ஆட்டையும் கேட்டது. ஊர்க்கூட்டத்தில் “சம்மதமா?” என்றார்கள். எல்லோரும் கையை உயர்த்தினார்கள். இவளுடைய அப்பா மட்டும் “யோ” என்றார். அவர்களின் மொழியில் யோ என்றால் இல்லை. அந்த ஒற்றைச் சொல்லுக்கு நாலு வருடம் சுரங்கத்தில் கல்லுடைத்தார். பள்ளிக்கூடத்தில் இவளுக்குப் பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை. அவர்களின் திராட்சைத் தோட்டத்தில், ஒருநாளும் வராத எதிரிக்காக ஒரு கொங்கிறீட் பதுங்குகுழியைக் கட்டிவிட்டுப் போனார்கள்.

“அரசாங்கம் விழுந்த பிறகு அதற்குள் கோழி வளர்த்தோம். நல்ல உறுதியான கூடு” என்று அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு ஆட்டுக்காக ஒரு மனிதனின் நாலு வருடமா என்று கோப்பிக் கோப்பையை மேசையில் அடித்து வைத்தேன்.

அந்த மாரியில் ஒரு மூதாட்டியின் மோதிரம் காணாமல் போனது. மேற்பார்வையாளரான நோர்வேக்கார மனுசி எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். இவளின் முறை வந்தபோது நான் கதவடியில் வாளியோடு நின்றேன்.

“நீ எடுக்கவில்லைத்தானே?” என்று அவர் கேட்டார்.

படித்த மொழியெல்லாம் பயத்தில் பறந்துவிட்டது. “யோ” என்று தலையை வேகமாக மேலும் கீழும் ஆட்டினாள்.

‘இல்லைத்தானே’ என்று கேட்பவரை மறுக்க நோர்வேஜிய மொழியில் ‘யூ’ என்று ஒரு சொல் உண்டு. ‘எடுக்கவில்லைத்தானே’ என்று கேட்பவரிடம் ‘யூ’ என்றால் ‘எடுத்தேன்’ என்று அர்த்தம். அவள் சொன்ன ‘யோ’வை அந்த மனுசி ‘யூ’ என்று கேட்டார். தலையும் ஆடியது. வேறென்ன சாட்சி வேண்டும்? அன்றே வேலைக்கு வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டார். அடுத்த மாதம் அவள் விசாவைப் புதுப்பிக்க வேண்டும். வேலைக் கடிதம் இல்லாவிட்டால் திரும்பிப் போக வேண்டியதுதான்.

நான் வாய் திறக்கவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். இதையும் எழுதாவிட்டால் நான் அந்த மனுசியைத் திட்டுவதில் நியாயமில்லை.

வீட்டில் சொன்னபோது கணவர், “உமக்கேன் தேவையில்லாத வேலை? பேசாமல் இரும். உம்மடை வேலையும் போயிடும்” என்றார்.

“பேசாமல் இருந்ததுதானே பிழை” என்று கத்தினேன்.

அடுத்த நாள் காலை மேற்பார்வையாளரின் அறைக்குள் போனேன். ‘யோ’வையும் தலையாட்டலையும் நொண்டி மொழியில் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இங்கே வேலை செய்பவர் நோர்வேஜிய மொழியில்தான் பதில் சொல்ல வேண்டும்” என்றார். கதவை அறைந்துவிட்டு வந்தேன். நேரே அவளுடைய வீட்டுக்குப் போனேன்.

“என் அப்பா ‘இல்லை’ என்றார். அவர்களுக்கு அது சரியாகவே கேட்டது” என்றாள். “நானும் ‘இல்லை’ என்றுதான் சொன்னேன்.”

நாலாம் நாள், அந்த மூதாட்டியின் கையுறை விரலுக்குள்ளிருந்து மோதிரம் விழுந்தது. அவளைத் திரும்பக் கூப்பிட்டார்கள். மேற்பார்வையாளர் கேக் வாங்கி வைத்திருந்தார். ஏதோ விளங்காமல் நடந்துவிட்டது என்றார். மன்னிப்பு என்ற சொல் மட்டும் அவர் வாயில் வரவில்லை. கேக்கை வெட்டி நீட்டியபடி, “எங்கள் மேல் கோபமில்லைத்தானே?” என்று சிரித்தார்.

என் தோழி தட்டை வாங்கவில்லை. தலையையும் ஆட்டவில்லை. அவர் முகத்தை நேரே பார்த்து, சுத்தமான நோர்வேஜிய உச்சரிப்பில் சொன்னாள்:

“யூ.”