ஆணி அடித்த காலணா

'ணங்'கென்று எழும்பி, சற்று நேரம் காற்றில் நின்று, பிறகு மெல்லக் கரைகிறதே, அதுதான் நல்ல எட்டணாவின் சத்தம். 'டக்'கென்று விழுந்த இடத்திலேயே அடங்கிவிட்டால் அந்தக் காசில் ஏதோ கோளாறு. எம். புதுப்பட்டியில் எங்கள் பலசரக்குக் கடையில், தராசுக்குப் பக்கத்தில் ஒரு கருங்கல் துண்டு பதித்திருந்தது. எட்டணாவோ ரூபாயோ எது வந்தாலும் அப்பா அதில் சுண்டிப் போட்டுக் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டுத்தான் கல்லாவில் சேர்ப்பார். "மூஞ்சியப் பாத்து ஆளயும் நம்பக் கூடாது, காசயும் நம்பக் கூடாது" என்பார். பருப்பு மூட்டைமேல் உட்கார்ந்து பாடம் படித்தவள் நான்; வாய்ப்பாட்டுக்கு முன்பே அந்த இரண்டு சத்தமும் எனக்கு மனப்பாடம்.

நயா பைசா வந்த புதிது அது. பழைய காசும் புதுக் காசும் ஒரே கல்லாவில் கலந்து கிடந்தன. ஊர் முழுக்க ஒருவர்மேல் ஒருவருக்குச் சந்தேகம். ஓரணாவுக்கு ஆறு நயா பைசா, நாலணாவுக்கு இருபத்தைந்து என்று சர்க்கார் சொல்லிவிட்டது. பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கும் முத்துமாரி அக்கா ஒரு நாள் கடையில் பத்துப் பேர் நிற்கும்போதே கேட்டாள்: "அண்ணாச்சி, நாலு ஓரணாவ ஒண்ணொண்ணா மாத்துனா இருவத்தினாலுதான் வருது. மொத்தமா மாத்துனா இருவத்தஞ்சு. அந்த ஒரு பைசா யாரு வீட்டுக்குப் போகுது?"

"டில்லிக்குப் போகுது. போயி வாங்கிட்டு வா."

"நான் எதுக்கு அம்புட்டுத் தூரம் போகணும்? உங்க பொட்டியத் தொறங்க, பாப்பம்."

கடையே சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. அன்றைக்கே அவளை மனதில் குறித்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது; எனக்குப் பிடித்திருந்தது வேறொரு பைத்தியம். பொட்டலம் கட்ட வாங்கிப்போட்ட பழைய வாரப் பத்திரிகை ஒன்றில் படித்தேன்: ஐந்தாம் ஜார்ஜ் ராஜாவின் முதல் வருஷக் காசுகளில், அவர் அங்கியில் பதக்கமாகத் தொங்கும் யானை பன்றி மாதிரி தெரிந்ததாம், ஜனங்கள் கோபப்பட்டார்களாம், மறு வருஷமே யானையைத் திருத்திவிட்டார்களாம். காலணாவில்கூட அந்தப் பன்றி உண்டு என்று போட்டிருந்தது. விட்டேனா! அப்பா சாப்பிடப் போகும் நேரமெல்லாம் கல்லாவைக் கிளறி, தேய்ந்து கறுத்த காலணாக்களை ஒவ்வொன்றாக எடுத்துப் புளியும் உப்பும் வைத்துத் தேய்ப்பேன். கறுப்பு போய் ஒரு இளஞ்சிவப்பு வெளிப்படும் பாருங்கள், அந்த நிமிஷத்துக்காகவே தேய்க்கலாம். விரலெல்லாம் செம்பு வாடை அடிக்கும். "கல்லாவுல கை வச்ச, கைய ஒடிச்சிருவேன்" என்று அப்பா சொல்லியிருந்ததால் தேய்த்த காசைத் திரும்பப் போட்டுவிடுவேன். அது திருட்டில்லை என்று எனக்கு நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன்.

கம்பெனிப் பெண்கள் கொண்டுவரும் காசு ஒரு மாதிரிச் சாம்பலாக மினுங்கும். அலுமினியப் பொடி எத்தனை கழுவினாலும் அவர்கள் கையை விட்டுப் போகாது. கையிலிருந்து காசுக்கு வந்துவிடும். அந்தக் காசுகளையெல்லாம் நான் ஒரு பழந்துணியால் துடைத்துத் துடைத்து, அந்தத் துணியே மீன் தோல்போல் பளபளத்துக் கிடந்தது.

ஒரு சனிக்கிழமை, சம்பள நாள். மற்றதைவிடக் கறுப்பான ஒரு காலணா கிடைத்தது. புளிக்கு மசியவில்லை. எண்ணெய் தடவிப் பார்க்கலாமென்று இரண்டு சொட்டு நல்லெண்ணெய் விட்டு அந்தத் துணியாலேயே தேய்த்தேன். வருஷம் தெரியவில்லை, காசு வெள்ளியாகிவிட்டது! ராஜா தலையும் அகலமும் அச்சு அசல் எட்டணா. எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. பக்கத்தில் வைத்துப் பார்ப்போமே என்று கல்லாவின் எட்டணாக் குழியில் உண்மைக் காசுகளோடு சேர்த்து வைத்தேன். அந்த நேரம் பார்த்து அம்மா கூப்பிட்டாள். தண்ணீர்க் குடத்தை இறக்கிவைத்துவிட்டு ஓடிவந்தால், அப்பா கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார், கடையில் கூட்டம் நெரிகிறது. இரவு குழியைத் தடவிப் பார்த்தேன். என் காசு இல்லை.

மறுநாள் காலை முத்துமாரி அக்கா வந்து அரைப்படி அரிசி கேட்டு ஒரு எட்டணாவை நீட்டினாள். அப்பா கல்லில் சுண்டினார்.

'டக்.'

மறுபடியும் சுண்டினார். பிறகு நகத்தால் சுரண்டினார். வெள்ளிக்கு அடியில் செம்பு தெரிந்தது.

"என்னலே இது?" என்றார், காசிடம் கேட்பதுபோல. பிறகு அவள் கையைப் பார்த்தார். "கம்பெனி மருந்தக் கொண்டாந்து காலணாவுக்குப் பூசி எங்கிட்டயே தள்ளப் பாக்கியா?"

"ஐயோ, நீங்க குடுத்த காசு அண்ணாச்சி! நேத்துச் சாயங்காலம் சோப்பு வாங்கினேன்ல, மிச்சம் நீங்கதான் குடுத்தீக."

"நானா? என் கல்லுல தட்டாத காசு என் பொட்டிக்குள்ள போகாது."

"வாரத மட்டுந்தான தட்டுறீக? குடுக்கறதத் தட்டி என்னைக்குக் குடுத்தீக?"

அது அப்பாவுக்குத் தாங்கவில்லை. சுத்தியலை எடுத்துவந்து, வாசல் நிலையில் அந்தக் காலணாவை நடுவில் ஆணி வைத்து அறைந்தார். ஏமாற்ற வந்த காசை அங்கே அடித்துவைப்பது அவர் வழக்கம். ஏற்கெனவே இரண்டு ஈய ரூபாய்கள் அங்கே தொங்கின. "நாளைக்குக் கம்பெனி போர்மேன் வெத்தல வாங்க வருவாரு. மருந்து வெளிய போகுதுன்னு சொல்லிப்புடுறேன்" என்றார்.

அவள் முகம் செத்துவிட்டது. பொடி வெளியே போகிறது என்று ஒரு சொல் விழுந்தால் போதும், கம்பெனி அவளைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிடும். தீபாவளி சீசனுக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. வேறெந்தக் கம்பெனியும் சேர்க்காது. அரிசி வாங்காமல் போனாள்.

நான் அன்று முழுக்க உண்மையை மறைத்தேன். பயம்தான், வேறென்ன? அதோடு இன்னொரு வெட்கங்கெட்ட நினைப்பும் இருந்தது: அந்தக் காசுதான் பன்றிக் காசாக இருந்தால்?

திங்கள் காலை போர்மேன் சைக்கிளைச் சாத்திவிட்டு நிலையைப் பார்த்துச் சிரித்தார். "என்ன அண்ணாச்சி, ராசா மூஞ்சியிலயே அடிச்சிட்டீக?"

"அதத்தான் சொல்லணும்னு..." என்று அப்பா தொடங்கினார்.

"நாந்தான் பூசினேன்" என்றேன்.

அப்பா நம்பவில்லை. அவர் சந்தேகம் அவ்வளவு லேசில் திரும்பிப் போகிற சந்தேகமா? "மருந்து உனக்கு எவ குடுத்தா? அந்த முத்துமாரிதான குடுத்தா? சொல்லு!"

மூட்டைக்குப் பின்னால் ஒளித்திருந்த துணியை எடுத்துவந்தேன். கல்லாவிலிருந்து இன்னொரு காலணா, இரண்டு சொட்டு எண்ணெய். அவர்கள் கண்முன்னாலேயே தேய்த்தேன். வெள்ளியாயிற்று. "யாரும் குடுக்கல. நம்ம பொட்டிக் காசத் தொடச்சுத் தொடச்சு வந்த பொடி" என்றேன்.

போர்மேன் மெதுவாகத் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அவையும் மினுங்கின. "இதுக்காக வேலைய விட்டு நிறுத்தணும்னா மொதல்ல என்னைத்தான் நிறுத்தணும்" என்று வெற்றிலையை மடித்துக்கொண்டு போய்விட்டார். அப்பா என்னை அடிக்கவில்லை. கல்லாவுக்குப் பூட்டு வாங்கி வந்தார். அவ்வளவுதான், என் வேட்டை முடிந்தது.

சாயங்காலம் முத்துமாரி அக்காவைக் கூப்பிட்டு, மன்னிப்பு என்ற சொல்லே இல்லாமல், ஒரு எட்டணாவை நீட்டினார். அவள் அதை முந்தானையில் முடிந்துகொள்ளவில்லை. எட்டிக் கையை நீட்டி, அப்பாவின் கல்லிலேயே சுண்டிப் போட்டாள். 'ணங்.' சத்தம் முழுக்கக் கரையும்வரை காதைச் சாய்த்து நின்று கேட்டுவிட்டுப் பிறகுதான் எடுத்தாள். அன்றிலிருந்து அவர் கொடுத்த எந்தக் காசையும் அவள் தட்டாமல் வாங்கியதில்லை. அப்பாவும் தடுத்ததில்லை.

ஆணியைப் பிடுங்கி அந்தக் காலணாவை எனக்கே கொடுத்துவிட்டார். புளியில் ஒரு ராத்திரி ஊறப்போட்டேன். அங்கியில் ஏதோ ஒரு மிருகம் இருக்கிறது. யானையா பன்றியா என்று சொல்ல முடியாதபடி தேய்ந்திருக்கிறது. திருப்பி வருஷத்தைப் பார்க்கலாமென்றால், ஆணி இறங்கிய இடமே அதுதான்.

இப்போது மதுரையில் கல்லூரியில் படிக்கிறேன். காலணா என் பேனாப் பெட்டியில் இருக்கிறது. அணாவெல்லாம் போய்விட்டது, 'நயா' என்ற சொல்லும் உதிர்ந்துவிட்டது, ராஜா தலைகளை யாரும் கண்ணில் காட்டுவதில்லை. கைக்கு வரும் சின்னச் சில்லறை முழுக்க அலுமினியம், ஊதினால் பறக்கும். போன விடுமுறையில் கடையில் இருந்தேன். முத்துமாரி அக்கா வந்தாள், தலை நரைத்திருந்தது, கை மட்டும் அதே மினுக்கம். மிச்சமாக அப்பா கொடுத்த மூன்று பைசாவைக் கல்லில் சுண்டினாள். 'ணங்'கும் இல்லை, 'டக்'கும் இல்லை. அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடியும் சுண்டினாள். அவள் கேட்டு முடிக்கட்டும் என்று அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.