நீல மீனுக்கு ஊற்றிய குடிதண்ணீர்

எங்கள் வீட்டு போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. குழாய் வாயெல்லாம் வெள்ளையாகப் பொரிந்து நிற்கும். அதை ஊற்றி ஒரு துளசிச் செடியைக்கூட அம்மாவால் காப்பாற்ற முடிந்ததில்லை. மில்லர்புரத்தில் எங்கள் தெருவில் அந்தத் தண்ணீரைப் பற்றி யாரும் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், சிக்லிட் என்கிற அந்த மீன்களுக்குக் காரத்தன்மை கூடிய கடினத் தண்ணீர்தான் ஒத்துக்கொள்ளும் என்ற வரியைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டேன். சோதனைத் தாளை வாங்கி வந்து போர் தண்ணீரில் முக்கினால், புத்தகத்தில் சொன்ன நிறம் அப்படியே வருகிறது. ஊரே திட்டுகிற தண்ணீரைக் கேட்டு வாங்கிக் குடிக்க உலகத்தில் ஒரு ஜீவன் இருக்கிறது!

பொறியியல் முடித்துவிட்டு வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்தேன். ஒன்றை ஆரம்பித்தால் எனக்கு நிதானம் கிடையாது. அந்த வாரமே தொட்டி வந்தது. கருங்கல் சுமந்து வந்து குகை குகையாக அடுக்கினேன். பீகாக் சிக்லிட் என்கிற வகையில் ஓர் ஆண் மீன், கூடச் சாம்பல் நிறத்தில் சில. ஆண் மீனும் வந்தபோது வெளுத்துத்தான் இருந்தது. நிறம் ஏற்றுவதற்கென்று கடையில் ஒரு தீனி விற்கிறார்கள், ஹார்மோன் கலந்தது என்று பேச்சு. நான் தொடவில்லை. சுருள்பாசி கலந்த தீனியைக் கொஞ்சமாகப் போடுவேன். வாரம் தவறாமல் கால் பங்கு தண்ணீர் மாற்றுவேன். வேறு மந்திரம் எதுவும் இல்லை. தண்ணீர் ஒரே மாதிரி இருக்க வேண்டும், ஒளிந்துகொள்ள இடம் வேண்டும். பயம் விட்டுப்போன மீனுக்குத் தானாக நிறம் ஏறும். இதற்கும் ஏறியது. முதலில் முகம் நீலமானது. பிறகு தோள், பிறகு வால் வரைக்கும். ஒரு நாள் காலை விளக்கைப் போட்டதும் தொட்டிக்குள் வெல்டிங் பொறி மாதிரி நின்றது.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். முதல் நாளே, "கொழம்புக்கும் ஆகாது, கருவாட்டுக்கும் ஆகாது. இதுக்குப் போய்க் கல்லு செமந்துட்டு வாரான் பாரு" என்று அம்மாவிடம் சொன்னார். ஆனால் நிறம் ஏற ஏற அவர் தொட்டிப் பக்கம் நிற்கிற நேரமும் ஏறியது. ஷிப்டு முடிந்து வந்தால் சட்டையைக் கழற்றுவதற்கு முன்னால் குனிந்து ஒரு பார்வை. நீல மீன் கண்ணாடி ஓரம் வந்து வாயைத் திறந்தால், "என்னல, சாப்ட்டியா" என்று மீனைக் கேட்பார். என்னை அப்படிக் கேட்டு வருஷக் கணக்காகிறது. எனக்கு வேலை கிடைக்காததைப் பற்றித் தவிர எங்களுக்குள் பேச எதுவும் இல்லாமல் இருந்த வீட்டில், இந்த மீனைப் பற்றி மட்டும் பேச்சு நடந்தது.

சென்னையில் ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். தீனி மட்டும் போட்டால் போதும் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

திரும்பி வந்த காலையில் வாசலிலேயே நின்றார். "தொட்டியக் கழுவி வச்சிருக்கேன்ல. போய்ப் பாரு" என்றார்.

கண்ணாடி அவ்வளவு பளிச்சென்று இருந்ததே இல்லை. சாம்பல் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. நீல மீன் இரண்டு கற்களுக்கு நடுவில் சாய்ந்து கிடந்தது. செவுள் படபடவென்று அடித்தது. நீலம் இல்லை, ஈரச் சிமெண்டின் நிறம்தான் இருந்தது. விரலை நனைத்து முகர்ந்தேன். குளோரின்.

என்ன தண்ணீர் என்று கேட்டேன்.

"நல்ல தண்ணிதாம்ல. நேத்து பைப்புல வந்துச்சு. அடியில கொஞ்சம் விட்டுட்டு மிச்சம் பூரா மாத்திட்டேன்."

மாநகராட்சித் தண்ணீர் எங்கள் தெருவுக்குத் தினமும் வராது. வருகிற அன்று குடம், டிரம், குக்கர் வரை நிரப்பி வைத்துக் குடிக்கவும் சோறு பொங்கவும் மட்டும் எடுப்போம். கரி தூசியோடு வருகிற அப்பாகூட அதில் ஒரு செம்பு மொண்டு முகம் கழுவ மாட்டார். அம்மா மெதுவாக என்னிடம் சொன்னாள்: குடிக்கிற தண்ணியை மீனுக்கு ஊத்துதீங்களே என்று அப்பாவிடம் கேட்டாளாம். "ஏளா, அதுகளும் குடிக்கத்தான செய்யுது. அந்த உப்புத் தண்ணியில கெடந்து என்ன பாடு படுதோ" என்றாராம்.

குளோரினை முறிக்கிற மருந்தை ஊற்றினேன். காற்றுக் குழாயை முழுக்கத் திறந்துவிட்டேன். அதற்கு மேல் வேகமாகச் செய்ய ஒன்றும் இல்லை, அதுதான் கொடுமை. பழையபடி போர் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றினால் அந்த மாற்றமே மீனைக் கொன்றுவிடும். ஸ்டூல் மேல் ஒரு வாளி போர் தண்ணீரை வைத்து, மெல்லிய குழாயில் ஒரு முடிச்சுப் போட்டு, சொட்டுச் சொட்டாக விட்டேன். மீன் நிமிர்வதற்கு ஓடிப்போய் வாங்கி வர ஒரு பொருளும் கிடையாது. எல்லாவற்றையும் போனில் தேடிவிட்டேன். எல்லாரும் பொறுத்திரு என்றே எழுதியிருந்தார்கள்.

அப்பா அன்று வேலைக்குப் போகவில்லை. பக்கத்தில் நின்று சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னுங் கொஞ்சம் தெறந்து விடலாமால?"

"வேண்டாம்ப்பா."

வாளிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "நான் ஊத்துன தண்ணியாலயா?" என்று கேட்டார்.

ரயிலில் இருந்து இறங்கிய களைப்போடு எத்தனையோ பொய் தயாராகத்தான் இருந்தது. மீனுக்கு வயசாகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் உப்புத் தண்ணீர் வாளிக்கும் தொட்டிக்கும் நடுவே குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அதைப் பார்த்துக்கொண்டே கேட்கிறார். இதற்கு மேல் நான் எதைச் சொல்லி மறைப்பது? "குளோரின் இருக்கும்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்" என்றேன். அதுவே பதிலாகப் போய்விட்டது.

சாம்பல் மீன்கள் மத்தியானத்துக்கு மேல் கீழே இறங்கின. நீல மீன் மட்டும் கிடந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அதன் செவுள் அடிப்பது நின்றதை அப்பாதான் முதலில் பார்த்தார். வலையை எடுக்காமல் கையை விட்டு எடுத்தார். அதுவரை அவர் அதைத் தொட்டதே கிடையாது. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனார்.

நான் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அவர் திருப்பித் திட்டியிருப்பார், முடிந்திருக்கும். அன்றிலிருந்து ஷிப்டு விட்டு வந்தால் நேராகக் குளிக்கப் போகிறார். தொட்டி அவர் போகிற வழியில்தான் இருக்கிறது. புது மீன் வாங்கலாம், நீங்களே கடைக்கு வந்து பாருங்கள் என்று கூப்பிட்டேன். "எனக்கு அது சரிப்படாதுல" என்றார்.

அந்த நேர்முகத் தேர்வில் வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு முந்தைய நாள் தீனி அளவும் போர் தண்ணீர்க் கணக்கும் சொல்லித்தர அவரைத்தான் உட்கார வைக்கப் பார்த்தேன். "ஒங்க அம்மைகிட்டச் சொல்லு" என்று எழுந்துவிட்டார். அம்மா கற்றுக்கொண்டாள்.

போன வாரம் அவள் போன் பண்ணினாள். சாம்பல் மீன் ஒன்றுக்கு முகத்தில் நீலம் ஏறுகிறதாம். எனக்குப் புரிந்துவிட்டது. பெரிய ஆண் இருக்கிற வரைக்கும் சின்ன ஆண் நிறத்தைக் காட்டாது, பெட்டை மாதிரியே ஒதுங்கித் திரியும். இப்போது பயப்பட ஆளில்லை. "அப்பாவக் கூப்பிட்டுக் காட்டும்மா" என்றேன். அவள் கூப்பிடுவது கேட்டது. இரண்டாவது தடவையும் கூப்பிட்டாள்.

"நல்லா இருந்தாச் சரி" என்று உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது. பிறகு குளியலறையில் போர் தண்ணீர் விழுகிற சத்தம். அம்மா போனை வைக்கவில்லை. நானும் இங்கிருந்து அதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.